பத்து விநாடிக்கு முன்னால் நடந்தது

சைக்கிளில் வேலைக்குப் போகிற எவரிடமும் வீட்டிலும் அலுவலகத்திலும் தவறாமல் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: "ரோட்டுல யார்கிட்டயும் வாய் கொடுக்காதே." என் கணவர் சொல்கிறார், மாமியார் சொல்கிறார், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைத் தோழி வாரம் ஒரு முறையாவது சொல்கிறார். அன்பினால் சொல்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இன்னொரு பக்கம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) கூட்டமாக ஓட்டுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். ஹெல்மெட்டில் கேமரா வைத்துக்கொண்டு, உரசிவிட்டுப் போன காரை அடுத்த சிக்னல் வரை விரட்டிப் பிடித்துக் கேள்வி கேட்டதை அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். "விடவே கூடாதுக்கா, விட்டா பழகிடுவாங்க" என்பது அவர்கள் கட்சி. இரண்டு கட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இரண்டில் எதையும் என்னால் முழுமனதாக ஏற்க முடிந்ததில்லை. பேசாமல் போனால் அன்று முழுவதும் மனம் அதையே அசை போடுகிறது. விரட்டிப் போனால் உயிருக்கு ஆபத்து, போதாக்குறைக்கு விரட்டிப் போய்ப் பேசிய பேச்சால் எந்த ஓட்டுநரும் மாறியதாகத் தெரியவில்லை. நெடுநாள் தீராமல் கிடந்த இந்தக் கேள்வி ஒரு காவல் நிலைய வளாகத்தில் எனக்கு வேறு வடிவம் எடுத்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திருவான்மியூரிலிருந்து கிண்டிக்குப் போகிறவள். எல்.பி. சாலையில் மெட்ரோ பணிக்கான தடுப்புகள் சாலையைப் பாதியாக விழுங்கிவிட்டன. அடையாறு தாண்டி, மத்திய கைலாஷைத் தாண்டி, சர்தார் பட்டேல் சாலையில் ஐ.ஐ.டி. மதில் ஓரமாகப் போகும்போதுதான் மூச்சு விட முடிகிறது. மரநிழல் இருக்கிறது, சாலை அகலமாக இருக்கிறது. அகலமாக இருப்பதாலேயே வண்டிகள் வேகமெடுப்பதும் அங்கேதான்.

தடத்தின் கணக்கு

சைக்கிள்காரர்களுக்கும் மற்ற ஓட்டுநர்களுக்கும் இடையே வருகிற சச்சரவுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன: "ஓரமாப் போ" என்ற கட்டளையில். ஓரம் என்று அவர்கள் நினைக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்பது காருக்குள் இருந்து பார்த்தால் தெரியாது. மண் குவிந்திருக்கும், மழைநீர் வடிகாலின் இரும்பு மூடி சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கியிருக்கும், நிறுத்தி வைத்த காரின் கதவு எந்த நேரமும் திறக்கும், ஷேர் ஆட்டோ ஆளைப் பார்த்ததும் இடப்பக்கம் ஒடித்து நிற்கும். ஆகவே ஓரத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி ஓட்டுவதுதான் பாதுகாப்பு. பின்னால் வருகிறவருக்கு அது திமிராகத் தெரிகிறது.

கணக்கு எளிமையானது. நம் ஊரில் சாலையின் ஒரு தடம் பொதுவாக 3.5 மீட்டர் அகலம். பேருந்தின் அகலம் சுமார் 2.6 மீட்டர். மீதி 90 சென்டிமீட்டர். சைக்கிளின் ஹேண்டில்பாருக்கே 60 சென்டிமீட்டர் வேண்டும். ஹேண்டில்பாரின் இட முனை ஓரக்கல்லை ஒட்டிப் போனாலும்கூட, எனக்கும் பேருந்துக்கும் நடுவே மிஞ்சுவது பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோல் நீளம்தான். அதே தடத்துக்குள் என்னைத் தாண்ட முடியாது, அடுத்த தடத்துக்கு விலகித்தான் தாண்ட வேண்டும். நான் தடத்தின் நடுப்பக்கமாக ஓட்டும்போது அந்த உண்மையைப் பின்னால் வருகிறவருக்குக் கண்ணெதிரே காட்டுகிறேன். ஓரத்தில் ஒடுங்கும்போது, இடம் இருப்பதுபோல ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறேன். ஜெர்மனியில் சைக்கிளைத் தாண்டும் வண்டி ஊருக்குள் ஒன்றரை மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்று 2020-இல் சாலை விதியிலேயே எழுதிவிட்டார்கள். பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பும் 2022-இல் திருத்தப்பட்டு, குறைந்தது ஒன்றரை மீட்டர் என்கிறது. சென்னையில் ஓட்டுநர் உரிமம் வாங்கிய என் நண்பர்களில் ஒருவரிடமும் இப்படியோர் அளவைப் பற்றி யாரும் பேசியதில்லை. இடைவெளி என்பது அவரவர் கைவாக்கில் இருக்கிறது.

எல்லா ஓட்டுநர்களும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாநகரப் பேருந்து ஓட்டுநர் கத்துவார், "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா" என்பார், ஆனால் அவர் எங்கே நிற்பார், எப்போது கிளம்புவார் என்பது எனக்குத் தெரியும். நிறுத்தம் தெரியும், தடம் எண் தெரியும். தண்ணீர் லாரிக்காரருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி. அவர் அவசரம் என்மீதான கோபம் அல்ல, அதனாலேயே அவரிடம் பேசிப் பயனில்லை, வழி விட்டு ஒதுங்க வேண்டியதுதான். ஆட்டோக்காரர் உரசுவதும் உடனே சமாதானமாவதும் ஒரே மூச்சில் நடக்கும். வண்டியை நிறுத்திக் கீழே இறங்கி வந்து சண்டை போடுகிறவர்கள், என் அனுபவத்தில், ஏறக்குறைய எல்லோருமே சொந்தக் கார் வைத்திருப்பவர்கள்.

காந்தி மண்டபத்தின் அருகே

காலை எட்டரை இருக்கும். காந்தி மண்டபத்தை நெருங்கும்போது பின்னாலிருந்து நீளமான ஹார்ன் ஒலி. வலப்பக்கத் தடத்தில் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, ஹார்ன் அடித்தவருக்கு விலக இடமில்லை. காத்திருக்க மனமும் இல்லை. ஒரு வெள்ளைக் கார் என்னை ஒட்டித் தாண்டியது. அதன் இடப்பக்கக் கண்ணாடி என் சட்டைக் கையைத் தடவிக்கொண்டு போனது. பின்கதவு என் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அது இன்னும் இடப்பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. என் வலக்கை தானாக எழுந்து அந்தக் கதவை இரண்டு தட்டுத் தட்டியது. யோசித்துச் செய்ததில்லை. சுவர் சரிந்து வந்தால் கை எப்படி முட்டுக் கொடுக்குமோ அப்படி எழுந்தது.

கார் உடனே வளைந்து எனக்குக் குறுக்கே நின்றது. அவர் இறங்கினார். ஐம்பதை ஒட்டிய வயது, அயர்ன் செய்த சட்டை, கழுத்தில் அலுவலக அட்டை. அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பின்கதவுக்குப் போய், நான் தட்டிய இடத்தை உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். கொஞ்சம் குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகத் தலையைச் சாய்த்து, பெயின்ட்டில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். விழவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் என் பக்கம் திரும்பிக் கத்தத் தொடங்கினார். என்ன கத்தினார் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை. ஒரு பெண்ணைச் சாலையில் திட்ட ஆண்கள் எந்தச் சொற்களைக் கையில் எடுப்பார்கள் என்பது வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மூன்று பைக்குகள் நின்றன. ஒருவர், "லேடீஸ் சார், விடுங்க சார்" என்றார். இன்னொருவர் என்னிடம், "ஏம்மா, காரை எதுக்கும்மா அடிச்சீங்க?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. கார் குறுக்கே நின்ற பிறகு வந்தவர், அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான். கார்க்காரர் என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "மன்னிப்பு கேட்டுட்டுப் போ" என்றார். சைக்கிளை எனக்கும் அவருக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டேன். "வண்டி நம்பரைப் பாத்துட்டேன் சார், கையை எடுங்க" என்று மட்டும் சொன்னேன், குரலை உயர்த்தாமல். பின்னால் நெரிசல் கூடி, ஹார்ன் சத்தம் பொறுக்க முடியாமல் போனபோது அவர் கையை எடுத்துவிட்டுக் கிளம்பினார். நான் மதில் ஓரமாக நின்று எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டேன். விரல்கள் நடுங்கியதில் போனில் எண்ணைத் தட்டவே சிரமப்பட்டேன்.

"அடி பட்டுச்சாம்மா?"

அன்று மாலையே புகார் கொடுக்கப் போனேன். எந்தக் காவல் நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. மேசையில் இருந்தவர் கேட்டது மூன்றே கேள்விகள். "அடி பட்டுச்சாம்மா?" இல்லை. "சைக்கிளுக்கு ஏதாவது?" இல்லை. "அப்புறம் எதுக்கும்மா கம்ப்ளெய்ன்ட்?"

இந்த மூன்றாம் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு போக வேண்டும். அடிபட்டால்தான் குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. பொது வழியில் மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும்படியோ காயம் ஏற்படக்கூடிய விதத்திலோ அசட்டையாக ஓட்டுவதே குற்றம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு; 2024 ஜூலைக்கு முன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 279 என்று இருந்தது இதுதான். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு அபாயகரமாக ஓட்டுவதைத் தனியே தண்டிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு, சிறையும் உண்டு. ஒருவர் போகும் வழியை மறித்து நிறுத்துவது இன்னொரு குற்றம், அது சன்ஹிதாவின் 126. பாதசாரிகள், சைக்கிள்காரர்கள், குழந்தைகள், முதியோர் போன்றோரின் பாதுகாப்பில் ஓட்டுநர் சிறப்புக் கவனம் காட்ட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. இவற்றையெல்லாம் ஒப்பித்துவிட்டு வழக்குப் பதிவாகிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மனுவைத் திருப்பித் தராமல் வாங்கிக்கொண்டு, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். சில நாள்களில் விசாரணைக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது.

கார்க்காரரும் வந்திருந்தார். நிலையத்துக்குள் அவர் அவ்வளவு அமைதியாக இருந்தார் என்பதே எனக்கு வியப்பு. உதவி ஆய்வாளர் அவரைப் பேசச் சொன்னார். "நான் பாட்டுக்கு நேரா போய்ட்டிருந்தேன் சார். திடீர்னு இந்தம்மா வண்டியை ஓங்கி அடிச்சாங்க. என்னமோ ஏதோன்னு நிறுத்தினேன்." அவர் சொல்வது பொய் என்று எனக்கு உடனே தோன்றியது. ஆனால் முகத்தைப் பார்த்தபோது, பொய் சொல்கிறவரின் முகமாக அது இல்லை. "அதுக்கு முன்னாடி பத்து செகண்ட் என்ன நடந்துச்சு சார்?" என்று கேட்டேன். அவர் உண்மையாகவே யோசித்தார். "முன்னாடி ஒண்ணும் நடக்கலையே" என்றார்.

வளாகத்தில் அவர் கார் நின்றிருந்தது, என் சைக்கிளும் நின்றிருந்தது. அருகில் நடந்ததைக் கேட்டுக்கொண்டிருந்த பெண் தலைமைக் காவலரிடம், ஒரு நிமிடம் வெளியே வந்து பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் போலும், உடனே எழுந்து வந்தார். கார்க்காரரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னார். நான் சைக்கிளைக் கொண்டுபோய், அன்று இருந்த அதே தூரத்தில், பின்கதவுக்கு ஒரு சாண் தள்ளி ஹேண்டில்பார் இருக்கும்படி நிறுத்தி, அதன்மேல் உட்கார்ந்தேன். "என்ன தெரியுது சார்?" என்று தலைமைக் காவலர் கேட்டார். "அவங்க தலை தெரியுது. தோள் தெரியுது." "எவ்வளவு தூரத்துல இருக்காங்க?" "ஒரு... மூணடி இருக்கும்." இறங்கி வந்து பார்க்கச் சொன்னார். அவர் சுற்றி வந்து என் கைக்கும் கதவுக்கும் இடையில் தன் கையை நுழைக்கப் பார்த்தார். விரித்த விரல்கள் இரு பக்கமும் முட்டின. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "இவ்ளோ கிட்டயா வந்தேன்?" என்றார். அடுத்த மூச்சிலேயே, "இருந்தாலும் நீங்க இன்னும் ஓரமாப் போயிருக்கலாம்மா" என்றும் சொன்னார்.

இனி இப்படி நடந்துகொள்ள மாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு மனுவை முடித்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வழக்காகப் பதிந்திருக்க வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன். காயம் இல்லாததைக் காரணம் காட்டி ஒவ்வொன்றையும் இப்படி எழுதி வாங்கி முடித்தால், காயம் ஏற்படும் நாள் வரை காத்திருக்கிறோம் என்றுதான் பொருள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் மனதில் ஓடியது அந்த முடிவு அல்ல, "முன்னாடி ஒண்ணும் நடக்கலையே" என்ற அவருடைய வாக்கியம்தான்.

நானும் அவரும் இருவேறு சம்பவங்களைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம். எனக்குச் சம்பவம் அவர் ஹார்ன் அடித்தபோது தொடங்கியது. கண்ணாடி கையைத் தடவியபோது உச்சத்தை அடைந்தது. கதவைத் தட்டியபோது முடிந்தேவிட்டது. அவருக்கோ தட்டியபோதுதான் தொடங்கியது. கண்ணாடிகள் ஏற்றி, ஏ.சி. போட்டு, பாட்டு ஓடுகிற பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு வெளியிலிருந்து வருவது மிகக் கொஞ்சம். வலப்பக்க இருக்கையிலிருந்து பார்த்தால் இடப்பக்கக் கதவுக்கு வெளியே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது தெரியாது, கதவே அதை மறைக்கிறது. அவர் உணர்ந்த முதல் செய்தி, கடன் வாங்கி வாங்கிய தன் வண்டியின் தகட்டில் விழுந்த சத்தம். அவருடைய கணக்கில் நான் காரணமில்லாமல் தாக்கியவள். கூட்டத்தில் கேட்டவருக்கும் கதை அங்கிருந்தே தொடங்கியது. இப்படி இருக்கையில் "ஏன் இடிச்சீங்க" என்று நான் கேட்பதும் "ஏன் அடிச்சே" என்று அவர் கேட்பதும் எங்கேயும் சந்திக்கப் போவதில்லை. சத்தம் ஏற ஏற இருவரும் தத்தம் பக்க நியாயத்தில் இன்னும் உறுதியாகத்தான் ஆவோம்.

இது அவரை விடுவிப்பதற்கான வாதமாக யாருக்கும் தோன்றிவிடக் கூடாது. தெரியாத இடத்துக்குள் ஆயிரம் கிலோவைச் செலுத்துவதுதான் குற்றத்தின் சாரமே. இடைவெளி தெரியவில்லை என்றால் தாண்டாமல் இருக்க வேண்டிய கடமை அவருடையது. பெண் என்று கண்டதும் வாயில் வந்த சொற்களுக்குக் கதவு மறைத்தது காரணமாகாது. நான் சொல்வது பேச்சைப் பற்றி: அவரிடம் பேசிப் பயன் இருக்க வேண்டுமென்றால், அவர் மனதில் இல்லாத அந்தப் பத்து விநாடியை முதலில் அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். வைக்க முடியாத நிலையில் பேச்சே வேண்டாம்.

சிக்னலில் பேசுவது

சென்னை நெரிசலில் ஒரு வசதி, உரசிவிட்டுப் பறந்த காரை எப்படியும் அடுத்த சிக்னலில் பார்த்துவிடலாம். விரட்ட வேண்டியதில்லை, வழக்கமான வேகத்தில் போனாலே போதும். அந்த இடைவெளியில் நெஞ்சுப் படபடப்பும் கொஞ்சம் அடங்கும். அங்கே போனதும் நான் முதலில் பார்ப்பது பேசலாமா வேண்டாமா என்பதைத்தான். காருக்குள் இளைஞர்கள் கூட்டமாக இருந்தாலோ, ஓட்டுகிறவர் குடித்திருப்பதுபோலத் தெரிந்தாலோ, இருட்டிவிட்டிருந்தாலோ பேசுவதில்லை. எண்ணைக் குறித்துக்கொள்வதோடு சரி.

பேசுவதென்று முடிவு செய்தால் ஓட்டுநர் பக்க ஜன்னலுக்குப் போவதில்லை. அது சாலையின் நடுவில் நிற்பது, சிக்னல் விழுந்தால் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் அகப்பட்டுக்கொள்வோம். இடப்பக்க ஜன்னலுக்குச் சற்று முன்னால், சைக்கிளின் முன்சக்கரம் நடைபாதையைப் பார்த்திருக்க நிற்பேன். கண்ணாடியைத் தட்டுவதில்லை, கையசைப்பேன். இறக்கினால் இவ்வளவுதான் சொல்வேன்: "சார், அங்க தாண்டும்போது உங்க கண்ணாடி என் கையில பட்டுச்சு. உள்ள இருந்து பாத்தா தெரிஞ்சிருக்காது." இரண்டாம் வாக்கியத்தை மரியாதைக்காக மட்டும் சேர்க்கவில்லை. பெரும்பாலும் அது உண்மை. அதோடு, பழியை மறுக்க வேண்டிய அவசியம் இல்லாமல் அவர் நடந்ததைக் காதில் வாங்கிக்கொள்ள அது ஒரு வழியைத் திறந்து விடுகிறது. "சாரிம்மா, பாக்கல" என்று சொன்னவர்கள் நான் நினைத்ததைவிட அதிகம். எதுவும் சொல்லாமல் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. இரண்டில் எது நடந்தாலும் நான் முன்னால் திரும்பிக்கொள்வேன்; இரண்டாம் முறை சொல்வதில்லை. ஆட்டோக்காரரையும் பேருந்து ஓட்டுநரையும் 'அண்ணே' என்று கூப்பிடுவது எனக்கு இயல்பாக வருகிறது, பலன் தருவதும் அதுதான். பேருந்து என்றால் ஓட்டுநரைவிட நடத்துநரிடம் அடுத்த நிறுத்தத்தில் சொல்வது நல்லது. நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய நெருக்கடியில் இருக்கும் ஓட்டுநரின் காதில் நான் சொன்னால் ஏறாதது, அவர் சொன்னால் ஏறும்.

போனை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டிப் படம் பிடிப்பதை நான் தவிர்க்கிறேன். போனை எடுத்த நொடியில் சண்டை வேறாகிவிடுகிறது. நடந்தது போய், "எதுக்கு வீடியோ எடுக்கிறே" என்பது விஷயமாகிறது. ஹேண்டில்பாரில் பொருத்திய சிறிய கேமரா யாரையும் சீண்டுவதில்லை. முக்கியமாக, அது அந்தப் பத்து விநாடியையும் பிடித்து வைத்திருக்கும். கையில் எடுக்கும் போன் ஒருபோதும் அதைப் பிடிக்காது.

தெரிந்தே செய்கிறவர்கள் வேறு வகை. பயமுறுத்துவதற்காக வேண்டுமென்றே ஒடிப்பவர்கள், ஜன்னலை இறக்கிவிட்டு ஒரு பெண்ணின் சைக்கிள் வேகத்துக்குத் தன் காரை ஊர விட்டுக் கூடவே வருகிறவர்கள். அவர்களிடம் சொல்ல ஒரு வாக்கியமும் இல்லை. நின்று, இறங்கி, நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த திசையிலேயே திரும்பி நடக்க வேண்டும்; நடுவில் தடுப்புச் சுவர் உள்ள சாலையில் கார் உடனே திரும்பி வர முடியாது. பெட்ரோல் பங்க், டீக்கடை, பேருந்து நிறுத்தம் என்று ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நின்று 100-க்கோ 112-க்கோ பேச வேண்டும். இதில் வீரம் காட்ட எதுவுமில்லை.

புகார் கொடுக்க முடியாதவர்கள்

"விட்டுடு" என்ற அறிவுரை என் மனதில் ஏன் ஒட்டவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்னோடு காலையில் சாலையில் இருப்பவர்கள் யாரென்று பார்க்கிறேன். ஓ.எம்.ஆர். கட்டடங்களில் இரவுக் காவல் முடித்து வீடு திரும்பும் செக்யூரிட்டிகள். தூக்குச் சட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகும் கட்டட வேலைக்காரர்கள். அரசுப் பள்ளியில் கொடுத்த விலையில்லாச் சைக்கிளில், புத்தகப் பையோடு போகிற பிளஸ் ஒன் பிள்ளைகள். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022-இல் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 4,836 பேர் சைக்கிளில் போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். உரசலும் திட்டும் அந்தக் கணக்குக்குள் வராது. இவர்கள் யாரும் வாய் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு நாள் காவல் நிலையத்துக்கு அலைந்தால் அன்றைய டியூட்டி போச்சு. 'விட்டுடு' என்பதை இவர்கள் தலைமுறையாகக் கடைப்பிடித்துவிட்டார்கள், அதனால் சாலை ஒரு அங்குலமும் பத்திரமாகவில்லை. மாதச் சம்பளமும் ஒரு மாலை நேர அவகாசமும் உள்ள என்னைப் போன்றவர்கள் புகார் கொடுக்காவிட்டால் இப்படி ஒரு குற்றம் நடப்பதாகவே எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

என் அம்மா சைக்கிள் கற்றுக்கொண்டது புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் ஊர் ஊராகப் பெண்களைச் சைக்கிள் ஏற்றிய நாள்களில். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிளைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். சாலையில் போகும் ஆண்கள் பேசிய பேச்சைப் பற்றி அம்மா நிறையச் சொல்வார். எதிர்த்துப் பேசினார்களா என்று கேட்டால், "பேசலை, எல்லாரும் சேந்து போனோம்" என்பார். அது வழிவிட்டு ஒதுங்கியதாகாது. சர்தார் பட்டேல் சாலையில் அந்த வழி இன்றும் செல்லுபடியாகிறது என்று கண்டுகொண்டேன். மத்திய கைலாஷ் பக்கம் இரவுப் பணி முடிந்து கிளம்பும் இரண்டு காவலாளிகளோடும் எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வருகிற ஒரு பெண்ணோடும் பேசி, நேரத்தை ஒத்துக்கொண்டு, வரிசையாக ஓட்டத் தொடங்கினோம். தனியாகப் போகும்போது ஓரத்துக்குத் தள்ளுகிற அதே கார்கள், வரிசையைக் கண்டால் ஒரு வண்டியைத் தாண்டுவதுபோல அடுத்த தடத்துக்கு விலகித் தாண்டுகின்றன.

அந்தப் பெண்ணை ஒரு நாள் ஒரு வேன் தள்ளிவிட்டுப் போனது. முழங்கை சிராய்ப்போடு தப்பினார். புகார் எழுத என்னைக் கூப்பிட்டார். வேனின் எண், நிறம், திசை, நேரம், அருகிலிருந்த கடை எல்லாவற்றையும் வரிசையாக எழுதினோம். முதல் வரியை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் நேரம் எடுத்துக்கொண்டோம். அவர் "வேன்காரர் இறங்கி வந்து என்னைத் திட்டினார்" என்று தொடங்கினார். திட்டுத்தான் அவர் மனதை அதிகம் காயப்படுத்தியிருந்தது. அதை மூன்றாம் பத்திக்குத் தள்ளிவிட்டு, வேன் எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு நெருக்கத்தில் வந்தது, அப்போது அவர் சாலையில் எங்கே இருந்தார் என்பதிலிருந்து தொடங்கி எழுதினோம். நிலையத்தில் ரசீது எழுதியவர் 'பொருள்' என்ற இடத்தில் "சாலையில் வாய்த் தகராறு தொடர்பாக" என்று எழுதப் போனார். அந்தப் பெண்ணே மேசையை நோக்கிக் குனிந்து, "தகராறு இல்லைங்கய்யா, வண்டியை இடிச்ச மாதிரி ஓட்டினது தொடர்பான்னு எழுதுங்க" என்றார். அவர் எழுதியதை அடித்துவிட்டு அப்படியே எழுதிக் கொடுத்தார். விசாரணைக்கு இன்னும் கூப்பிடவில்லை.